எடுத்தவர் பெயர் மட்டும் இருந்தது: ஒரு புகைப்படக் கண்காட்சி பற்றிய நிகழ்வு ஆய்வு

போர், பஞ்சம், படுகொலை, எரிமலைச் சீற்றம் என்று உலகம் மறக்க முடியாத துயரங்களின் புகைப்படங்களைத் திரட்டி ஐந்து பேர் சேர்ந்து மூன்று நாள் கண்காட்சி ஒன்றை நடத்தினோம். ஏதோ சரியில்லை என்பது முதல் நாள் மாலையே தெரிந்துவிட்டது. அன்று இரவே பாதியை மாற்றினோம். என்ன நடந்தது, எதை ஏன் மாற்றினோம், மாற்றியதில் எது தேறியது, எது தேறவில்லை என்பதை நடந்த வரிசையில் எழுதி வைக்கிறேன். இத்தகைய படங்களை வகுப்பறையிலோ நூலகத்திலோ மாட்ட நினைக்கிறவர்களுக்கு உதவக்கூடும். யார் பெயரையும் சொல்லவில்லை.

பின்னணி

ஐவரில் ஒருவர் நூலகர். கண்காட்சி அவருடைய நூலகத்தின் மாடிக் கூடத்தில்தான் நடந்தது. ஒருவர் ஓய்வு பெற்ற வரலாற்று ஆசிரியை. ஒருவர் முப்பது வருடம் பத்திரிகைகளில் வேலை பார்த்த புகைப்படக்காரர். ஒருவர் கல்லூரி மாணவர். ஐந்தாவது ஆள் நான். படக்குறிப்பு எழுதுவது என் பொறுப்பு. ஆகவே கீழே வரும் பிழைகளில் பெரும்பகுதி என் கணக்கில் வரும்.

யோசனை மாணவருடையது. "தினமும் போன்ல எவ்வளவோ பார்க்கிறோம். கட்டை விரல் ஒரு விநாடியில தள்ளிவிட்டுப் போயிடுது. சுவத்துல மாட்டினா நின்னு பார்ப்பாங்க" என்றார். நோக்கம் அவ்வளவுதான், நிற்க வைப்பது. நின்ற பிறகு என்ன என்று நாங்கள் யாரும் கேட்டுக்கொள்ளவில்லை.

34 படங்களைத் தேர்ந்தெடுத்தோம். 1858-ல் லக்னோவின் சிக்கந்தர் பாக்கில் ஃபெலிசே பியாட்டோ எடுத்த, 1857 கிளர்ச்சியில் கொல்லப்பட்டவர்களின் எலும்புகள் சிதறிக் கிடக்கும் முற்றம்தான் முதல் படம். 2015 செப்டம்பர் 2 அன்று துருக்கிக் கடற்கரையில் ஒதுங்கிக் கிடந்த இரண்டு வயதுச் சிரியக் குழந்தையின் படம் கடைசி. நடுவில் காங்கோ, வார்சா, அவுஷ்விட்ஸ், ஹிரோஷிமா, சைகோன், கம்போடியா, போபால், ஆர்மெரோ, சூடான்.

மூன்று முடிவுகளை எடுத்தோம். படங்கள் கால வரிசையில் இருக்கும். எல்லாம் ஒரே அளவு, 20-க்கு 30 அங்குலம். குறிப்பு ஒரே வரி: இடம், ஆண்டு, எடுத்தவர். இந்த மூன்றாவது முடிவு புகைப்படக்காரர் வற்புறுத்தியது. "கீழே கதை எழுத ஆரம்பிச்சா ஜனங்க கதையைப் படிச்சிட்டுப் போயிடுவாங்க. படத்தை யாரும் பார்க்க மாட்டாங்க" என்றார். முப்பது வருட அனுபவம் பேசும்போது மறுக்கத் தோன்றவில்லை. தவிர, ஒரு வரி என்றால் எனக்கும் வேலை குறைவு. அதையும் ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

நூலகர் மட்டும் எதிர்த்தார். படங்களை எண்ணிப் பார்த்து, 34-ல் 11 படங்களில் குழந்தைகள் இருப்பதைச் சுட்டிக்காட்டினார். "பெரியவங்க சாகிறதைக் காட்ட நமக்கே கூச்சமா இருக்கு, அதான் குழந்தைகளா எடுத்திருக்கோம்" என்றார். அப்போது அது எனக்குச் சரியாகப் புரியவில்லை. நாலுக்கு ஒன்று என்று தோற்றார். அவரைச் சமாதானப்படுத்த, வாசலில் 'மனதைப் பாதிக்கக்கூடிய படங்கள் உள்ளன' என்று ஏ4 தாளில் அச்சிட்டு ஒட்டினோம்.

முதல் நாள்

காலை பதினொரு மணிக்கு ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் 42 பேர் ஒரு டீச்சரோடு வந்து நின்றார்கள். நாங்கள் அழைக்கவில்லை. 'வரலாற்றுப் புகைப்படக் கண்காட்சி' என்ற எங்கள் சுவரொட்டியைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார்கள். அந்தத் தலைப்பைப் படித்தால் யாருக்கும் பழைய கோட்டையும் ரயில் எஞ்சினும்தான் நினைவுக்கு வரும். டீச்சர் ஏ4 தாளைப் படித்து முடிப்பதற்குள் பாதிப் பிள்ளைகள் உள்ளே போய்விட்டார்கள்.

நான் கதவருகே நின்று பார்த்தேன். பெரும்பாலோர் முதல் ஐந்தாறு படங்களை மெதுவாகப் பார்த்தார்கள், அதற்கப்புறம் நடை வேகமெடுத்தது. பத்தாவது படத்துக்கு மேல் யாரும் குறிப்பைப் படித்ததாகத் தெரியவில்லை. அமெரிக்காவில் ஒரு கறுப்பின மனிதரைக் கும்பல் தூக்கிலிட்ட படத்தின் முன்னால் மூன்று பையன்கள் சிரித்தார்கள். டீச்சர் அதட்டினார். ஆசிரியை என் காதருகே, "பயந்தா அந்த வயசுல சிரிப்புதான் வரும்" என்றார். சைகோனில் ஒரு கைதியின் தலையில் துப்பாக்கி வெடிக்கும் படத்தின் முன்னால் கூட்டம் சேர்ந்தது. ஒருவன் போனில் அதைப் படம் எடுத்தான். இன்னொருவன் கேட்டான்: "இது நிஜமாவே நடந்ததா, சினிமாவா?" குறிப்பில் 'சைகோன், 1968, எடி ஆடம்ஸ்' என்று மட்டுமே இருந்தது. அந்த ஒரு வரியில் அவனுக்கான பதில் இல்லை.

ஒரு மாணவி ஆர்மெரோ படத்தை விட்டு நகரவில்லை. கொலம்பியாவில் நெவாடோ டெல் ரூயிஸ் எரிமலை 1985 நவம்பர் 13 அன்று வெடித்தபோது பனி உருகிச் சேறாகப் பாய்ந்து ஆர்மெரோ நகரத்தை மூடியது. இடிந்த வீட்டில் கால் சிக்கி, கழுத்தளவு தண்ணீரில் நின்ற ஒமைரா சான்செஸை ஃபிராங்க் ஃபூர்னியே எடுத்த படம் அது. ஒமைராவுக்கு 13 வயது. பார்த்துக்கொண்டு நின்றவளுக்கும் ஏறக்குறைய அதே வயதுதான். அவள் என்னிடம் வந்து கேட்டாள்: "அங்கிள், படம் எடுக்கிற அளவு பக்கத்துல ஆள் இருந்திருக்காங்க இல்ல? ஏன் யாரும் இழுத்து வெளியே எடுக்கல?"

எனக்குப் பதில் தெரியாது. குறிப்பு எழுதியவன் நான். எனக்கே தெரியவில்லை. "அப்புறம் சொல்றேன்மா" என்றேன். அவள் வரிசையோடு போய்விட்டாள்.

பிற்பகலில் ஒரு மூதாட்டி தனியாக வந்தார். எல்லாப் படங்களையும் நிதானமாகப் பார்த்தார். ஏறக்குறைய ஒரு மணி நேரம் இருக்கும். போர் நடந்த இடத்திலிருந்து தப்பி வந்தவர் என்று பேச்சுவாக்கில் சொன்னார், அதற்கு மேல் விவரம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. போகும்போது என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, எல்லாத்துலயும் எடுத்தவங்க பேரு போட்டிருக்கு. உள்ளே இருக்கிறவங்க பேரு எங்கே?"

கோபமாகக் கேட்கவில்லை. கடையில் சாமான் குறைகிறது என்று சொல்கிற மாதிரிச் சாதாரணமாகத்தான் கேட்டார்.

கூடத்தை மூடும் நேரத்தில் ஒரு இளைஞர் வந்தார். பஞ்சத்தில் எலும்பும் தோலுமாகிவிட்ட குடும்பம் ஒன்று கேமராவுக்கு முன் அமர்ந்திருக்கும் படத்தைக் காட்டி, "இது வங்கப் பஞ்சம் இல்லைங்க" என்றார். நான் 'வங்காளம், 1943' என்று எழுதியிருந்தேன். எடுத்தவர் பெயர் கிடைக்காததால் அந்த இடத்தைக் காலியாக விட்டிருந்தேன்.

அந்த ஒரு படம்

அவர் சொன்னது சரி. அது 1876-78 சென்னை மாகாணப் பஞ்சம், நம் பாட்டிமார் வாயில் 'தாது வருஷப் பஞ்சம்' என்று வழங்கியது. எடுத்தவர் சென்னைக் குதிரைப்படை அதிகாரி வில்லோபி வாலஸ் ஹூப்பர். இணையத்தில் இந்தப் படங்கள் பல வருடங்களாக வங்கப் பஞ்சம் என்ற பெயரில் சுற்றுகின்றன. நான் எடுத்ததும் அங்கிருந்துதான்.

கொஞ்சம் கவனித்திருந்தால் படமே காட்டிக்கொடுத்திருக்கும். 1943-ல் சுனில் ஜானா போன்றவர்கள் கையில் பிடிக்கும் கேமராவோடு தெருத்தெருவாக நடந்து எடுத்தார்கள். அந்தப் படங்களில் அசைவு இருக்கும், யாராவது ஓரத்தில் பாதி வெட்டுப்பட்டிருப்பார்கள். ஹூப்பருடைய படமோ குடும்பப் படம் எடுக்க உட்கார வைத்ததுபோல அடுக்கப்பட்டது. உயரமானவர் பின்னால், குழந்தைகள் முன்னால். பசியில் நிற்க முடியாதவர்களை யாரோ வரிசைப்படுத்தி, அசையாமல் இருக்கச் சொல்லி எடுத்திருக்கிறார்கள். அந்தப் பஞ்சத்தில் குறைந்தது 50 லட்சம் பேர் இறந்ததாகக் கணக்கிடப்படுகிறது. படத்தில் இருப்பவர்களுக்கு என்ன ஆனது என்பதற்குப் பதிவு இல்லை.

ஹூப்பரைப் பற்றி இன்னொன்றும் உண்டு. 1886-ல் மாண்டலேயில் ராணுவப் போலீஸ் பொறுப்பில் இருந்தபோது, பர்மியக் கைதிகளைச் சுட்டுக் கொல்வதைப் படம் பிடித்தார். குண்டு பாயும் கணம் புகைப்படத் தட்டில் பதிவாக வேண்டும் என்பதற்காக உத்தரவைத் தாமதப்படுத்தினார் என்ற புகார் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் வரை போனது. விசாரணை நடந்து, கண்டிக்கப்பட்டார்.

ஒரு நாள் முழுக்க தமிழ் தெரிந்த இவ்வளவு பேர் அந்தப் படத்தைக் கடந்து போனோம். அதில் இருப்பவர்கள் நம்மில் யாருக்காவது பூட்டன் பூட்டியாகக்கூட இருக்கலாம். வேறொரு மாகாணத்தின், வேறொரு காலத்தின் சீட்டை அவர்கள் கழுத்தில் மாட்டியிருந்தேன்.

அன்று இரவு

கூடத்தைப் பூட்டிவிட்டு ஐவரும் உட்கார்ந்தோம். முதலில் பேசப்பட்டது வழக்கமான கேள்விதான்: எதை எடுத்துவிடுவது, எதை விட்டுவைப்பது? முக்கால் மணி நேரம் அதிலேயே சுற்றினோம். நூலகர் குழந்தைகள் படம் அனைத்தையும் எடுக்கச் சொன்னார், மாணவர் ஒன்றையும் எடுக்கக்கூடாது என்றார். பார்வையாளர் கருத்துப் பதிவேட்டை ஆசிரியை எடுத்துப் படிக்க ஆரம்பித்த பிறகுதான் பேச்சு வேறு பக்கம் திரும்பியது. 'அருமை', 'சூப்பர் கலெக்‌ஷன்', 'மனதைத் தொட்டது' என்று வழக்கமான வரிகள். ஒன்று மட்டும் பென்சிலில்: 'எல்லாம் சோகம். எதுவும் புரியவில்லை.'

மூதாட்டி கேட்டதைச் சொன்னேன். ஆசிரியை உடனே, "சரி, எண்ணிப் பாருங்க" என்றார். 34 படங்களையும் ஒவ்வொன்றாக எடுத்து, உள்ளே இருப்பவர் பெயர் உறுதியாகத் தெரிகிறதா என்று பார்த்தோம். ஏழு படங்களுக்குத்தான் தெரிந்தது.

அந்த ஏழிலும் சிக்கல் இருந்தது. கடற்கரைக் குழந்தையின் பெயர் ஆலன் குர்தி. தொடக்கத்தில் ஊடகங்கள் 'அய்லான்' என்று எழுதின, நாங்கள் பேசிக்கொண்டதும் அப்படித்தான். சூடானின் அயோட் அருகே 1993-ல் கெவின் கார்ட்டர் எடுத்த, கழுகு காத்திருக்கும் படத்தில் குனிந்து கிடப்பது ஒரு சிறுமி என்றே எல்லோரும் நினைத்திருந்தோம். 2011-ல் ஸ்பானியப் பத்திரிகையாளர்கள் அந்தக் குடும்பத்தைத் தேடிப்போனார்கள். அது காங் நியோங் என்ற சிறுவன், பஞ்சத்தில் சாகவில்லை, பெரியவனாகிப் பிற்பாடு காய்ச்சலில் இறந்தான் என்று தகப்பனார் சொன்னார். படத்தில் அவன் கையில் ஒரு பட்டை இருக்கிறது. உணவு உதவி மையத்தின் பதிவுப் பட்டை. அதாவது அவன் பெயர் ஏற்கெனவே ஒரு பட்டியலில் இருந்தது. 30 அங்குலத்துக்குப் பெரிதாக்கி மாட்டியிருந்தோம், எங்கள் கண்ணில் அந்தப் பட்டை படவே இல்லை.

இதற்கு நேர்மாறான வேடிக்கை கிம் ஃபுக் படத்தில். 1972 ஜூன் 8 அன்று வியட்நாமின் ட்ராங் பாங் கிராமத்தில் நாபாம் குண்டில் வெந்து ஓடிவந்த ஒன்பது வயதுச் சிறுமி. அவர் பெயர் உலகத்துக்கே தெரியும், இன்றும் உயிரோடு இருக்கிறார். எடுத்தவர் யார் என்பதில்தான் இப்போது தகராறு. ஏபி செய்தி நிறுவனம் நிக் உட்டின் பெயரில் வெளியிட்டது, 1973-ல் அவருக்குப் புலிட்சர் பரிசு கிடைத்தது. வேறொருவர் எடுத்தது என்று ஒரு ஆவணப்படம் கேள்வி எழுப்பிய பிறகு, 2025 மே மாதத்தில் வேர்ல்டு பிரஸ் ஃபோட்டோ அமைப்பு அந்தப் பெயரை நிறுத்திவைத்தது. மாற்றுவதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று ஏபி நிக் உட்டின் பெயரையே வைத்திருக்கிறது. ஆக, நான் எழுதியிருந்த ஒரே வரியில் உறுதியில்லாததை எழுதி, உறுதியாகத் தெரிந்ததை விட்டிருக்கிறேன்.

அப்புறம் ஆசிரியை ஒரு கேள்வியைப் போட்டார்: "இதுல கேமரா யார் கையில இருந்துச்சு?" அதுதான் மறுநாள் கூடத்தின் அமைப்பையே மாற்றியது. வார்சா யூதக் குடியிருப்பில் கையைத் தூக்கி நிற்கும் சிறுவனின் படம், 1943-ல் அதை அழித்த ஜெர்மானியப் படையின் அதிகாரபூர்வ அறிக்கைக்காக எடுக்கப்பட்டது. கம்போடியாவின் துவோல் ஸ்லெங் சிறையில் சட்டையில் எண் குத்தப்பட்ட கைதிகளின் முகங்களை அந்தச் சிறையின் சொந்தப் புகைப்படப் பிரிவே எடுத்தது. தூக்கிலிட்ட கும்பலின் படங்கள் அஞ்சலட்டையாக விற்கப்பட்டன. அவற்றில் சிரித்துக்கொண்டு நிற்பவர்கள் படத்துக்காகவே நிற்கிறார்கள்.

மறுபக்கம், 1944 ஆகஸ்டில் அவுஷ்விட்ஸில் பிணங்களை எரிக்கும் வேலையில் கட்டாயப்படுத்தப்பட்ட கைதிகளே ஒளிந்து எடுத்த நான்கு படங்கள். பற்பசைக் குழாயில் மறைத்து போலந்து எதிர்ப்பியக்கத்துக்கு அனுப்பினார்கள். எங்களிடம் இருந்த பிரின்டைப் புகைப்படக்காரர் எடுத்து விளக்கடியில் வைத்துப் பார்த்தார். "இது வெட்டின படம்" என்றார். முழுப் படத்தைத் தேடி எடுத்தோம். முக்கால்வாசி கறுப்பு, கதவுச் சட்டத்தின் இருட்டு. எடுத்தவர் விஷவாயு அறையின் உள்ளே நின்று, அதன் வாசல் வழியாக வெளியே பார்த்து எடுத்திருக்கிறார். தெளிவாகத் தெரியவேண்டும் என்று யாரோ அந்த இருட்டை நறுக்கிவிட்டார்கள். இருட்டுப் போனதோடு, உயிரைப் பணயம் வைத்து நின்ற ஆளும் போய்விட்டார். குறிப்பு வேண்டாம் என்று முதலில் சொன்ன புகைப்படக்காரர் அந்த நிமிடத்தில்தான் கொஞ்சம் இளகினார். "இதுக்கு மட்டும் எழுதுங்க" என்றார். விடிவதற்குள் அந்த 'மட்டும்' 34 ஆகிவிட்டது.

எடுத்த முடிவுகள்

கால வரிசையை விட்டோம். கேமரா யார் கையில் இருந்தது என்பதை வைத்துச் சுவர்களைப் பிரித்தோம்: கொன்றவர்கள் எடுத்தவை, பாதிக்கப்பட்டவர்களே எடுத்தவை அல்லது காட்டச் சொன்னவை, வெளியிலிருந்து வந்தவர்கள் எடுத்தவை. இரண்டாவது வகையில் எம்மெட் டில் வந்தார். 1955-ல் அமெரிக்காவின் மிசிசிப்பியில் கொல்லப்பட்ட அந்த 14 வயதுக் கறுப்பினச் சிறுவனின் சவப்பெட்டியை மூடக்கூடாது, என் மகனுக்குச் செய்ததை எல்லோரும் பார்க்கட்டும் என்று அவன் தாய் மேமி டில் தீர்மானித்தார். 'ஜெட்' பத்திரிகையில் அந்தப் படம் வந்தது அவர் விருப்பத்தோடுதான். கும்பல் அஞ்சலட்டையையும் இதையும் முதல் நாள் பக்கத்துப் பக்கத்தில் மாட்டியிருந்தோம், ஒரே தலைப்பின் கீழ். நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

ஹூப்பரை எந்தச் சுவரில் வைப்பது என்பதில் சண்டை வந்தது. பஞ்சத்தை அவர் உண்டாக்கவில்லை, ஆனால் ஆண்டவர்களின் ஆள். ஆலிஸ் சீலி ஹாரிஸும் வெளியாள்தான். 1904-ல் காங்கோவில், ரப்பர் கம்பெனிக் காவலர்கள் கொன்ற தன் ஐந்து வயது மகள் போவாலியின் வெட்டுண்ட கையையும் காலையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் நிசாலா என்ற தகப்பனை எடுத்தவர். அந்தப் படங்களை ஊர் ஊராகத் திரையில் காட்டி, காங்கோவைத் தன் சொத்தாக வைத்திருந்த பெல்ஜிய மன்னர் லியோபோல்டின் தனியாட்சிக்கு எதிராகக் குரல் திரட்டினார்கள். 1908-ல் காங்கோ மன்னரின் கையை விட்டுப் போனது. இருவரையும் ஒரே சுவரில் வைக்க மனம் வரவில்லை. கடைசியில் ஹூப்பரைத் தனியாக ஒரு தூணில் மாட்டினோம். முடிவு என்று சொல்ல முடியாது, சோர்வு.

ஒரு படத்தை எடுத்துவிட்டோம், கும்பல் அஞ்சலட்டை. பார்த்து ரசிப்பதற்கென்றே எடுக்கப்பட்டதை மறுபடி பார்க்க மாட்டுவது அந்த வேலையைத் தொடர்வதாகும் என்றார் ஆசிரியை. உடலை மட்டும் மறைத்துக் கூட்டத்தின் முகங்களைக் காட்டலாமா என்று மாணவர் கேட்டார். புகைப்படக்காரர் ஒரேயடியாக மறுத்தார். துவோல் ஸ்லெங் முகங்களுக்கு ஒருவர் வண்ணம் பூசியதோடு சிலவற்றில் புன்னகையையும் ஒட்டி, 2021-ல் கம்போடிய அரசே கண்டித்த சம்பவத்தை நினைவூட்டினார். "ஒரு விரல் வச்சா அப்புறம் எல்லாரும் வைப்பாங்க." ஃபிரேமை வெறுமையாக மாட்டி, குறிப்பை மட்டும் கீழே வைத்தோம். இதற்கும் அவர் சம்மதிக்கவில்லை. படம் இல்லாத ஃபிரேம் நாடகம் என்றார். ஓட்டெடுப்பில் தோற்றார்.

மற்றவை எளிய மாற்றங்கள். குழந்தைகளின் படங்கள் புத்தக அளவுக்குச் சிறிதாயின, அவற்றைத் திரைக்குப் பின்னால் தனிப் பகுதியில் வைத்தோம். அதைப் பார்க்காமலே வெளியே போக ஒரு வழி விட்டோம். வாசலில் தாளுக்குப் பதில் ஆள். பள்ளி என்றால் ஆசிரியர் முதலில் தனியாக வந்து பார்த்த பிறகே பிள்ளைகள். உட்கார இரண்டு பெஞ்சு.

குறிப்புகளில் எடுத்தவருக்கு முன்னால் உள்ளே இருப்பவர் பெயர் வந்தது. தெரியாத 27 படங்களில் 'இதில் இருப்பவரின் பெயர் தெரியவில்லை' என்று முதல் வரியாக எழுதினேன். போபாலில் 1984 டிசம்பரில் மண்ணுக்குள் பாதி புதைந்த குழந்தையின் முகத்தை ரகு ராயும் பாப்லோ பார்தலோமியூவும் எடுத்தார்கள். உலகம் முழுக்கப் போன முகம். அது யார் வீட்டுப் பிள்ளை என்று இன்றுவரை தெரியவில்லை.

இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும்

நடை மெதுவானது. அது ஒன்றை உறுதியாகச் சொல்ல முடியும். முதல் நாள் பத்தாவது படத்தில் தொடங்கிய வேகம் மறுநாள் இல்லை. ஹிரோஷிமா படத்தின் முன்னால் ஆட்கள் நின்றதுதான் எனக்கு வியப்பு. அதில் ரத்தம் இல்லை. பாலத்தருகே உட்கார்ந்தும் நின்றும் இருப்பவர்களின் முதுகுதான் அதிகம் தெரிகிறது. யோஷிதோ மத்சுஷிகே குண்டு விழுந்த அன்று ஊருக்குள் கேமராவோடு திரிந்தும், மிஞ்சியவை ஐந்தே படங்கள். பட்டனை அழுத்தவே வெகுநேரம் கை வரவில்லை என்று பின்னாளில் சொன்னார். இதைக் குறிப்பில் எழுதியிருந்தேன். முதல் நாள் அந்தப் படத்தை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

வெற்று ஃபிரேம் ஓரளவே வேலை செய்தது. சிலர் குறிப்பைப் படித்துத் தலையாட்டினார்கள். குறைந்தது நான்கு பேர் ஆணியிலிருந்து படம் கழன்றுவிட்டது என்று வந்து சொன்னார்கள். புகைப்படக்காரர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

குறிப்பு நீண்டதால் வந்த கேடு ஒன்றையும் சொல்ல வேண்டும். சைகோன் படத்துக்கு எட்டு வரி எழுதியிருந்தேன். சுடப்பட்டவர் நுயென் வான் லெம், சுட்டவர் தென் வியட்நாமின் தேசியப் போலீஸ் தலைவர் நுயென் நாக் லோன். லெம் மீது சொல்லப்பட்ட கொலைக் குற்றச்சாட்டு, தன் கேமரா லோனையும் கொன்றுவிட்டது என்ற பொருளில் ஆடம்ஸ் பிற்பாடு எழுதியது, லோன் அமெரிக்காவில் உணவகம் நடத்தி 1998-ல் இறந்தது எல்லாம் இருந்தன. ஒரு கல்லூரிப் பெண் படித்துவிட்டுக் கேட்டார்: "அப்போ சுட்டது சரின்றீங்களா?" மறுபடி படித்துப் பார்த்தேன். எட்டில் ஆறு வரி சுட்டவருக்கும் படம் எடுத்தவருக்கும் போயிருந்தது. சுடப்பட்டவருக்கு இரண்டு வரி, அதில் ஒன்று குற்றச்சாட்டு. விசாரணை இல்லாமல், கை பின்னால் கட்டப்பட்ட நிலையில் சுடப்பட்டார் என்பதை எழுதவே இல்லை. மத்தியானத்துக்குள் மாற்றி ஒட்டினேன்.

மூன்றாம் நாள் மூதாட்டி மறுபடி வந்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குறிப்புகளை ஒவ்வொன்றாகப் படித்தார். தூணருகே ஹூப்பர் படத்தின் முன் வெகுநேரம் நின்றார். "பேர் தெரியலைன்னு எழுதிட்டீங்க" என்றார். ஆமாம் என்றேன். "தேடிப் பார்த்துட்டு எழுதினீங்களா, தேடாமலா?" ஒரே ராத்திரியில் எழுதியதைச் சொன்னேன். ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார்.

பின்னர்

முதல் நாள் வந்த மாணவியின் தாய் இரண்டாம் நாள் காலை நூலகருக்குப் போன் செய்தார். பிள்ளை இரவெல்லாம் தூங்கவில்லை. நூலகர் மன்னிப்புக் கேட்டார். மாலையில் அந்த டீச்சர் மாணவியையும் தாயையும் அழைத்து வந்தார், கூடத்துக்குள் வரவில்லை, கீழே வாசிப்பறையில் உட்கார்ந்தோம். ஆசிரியை அவளிடம் பேசினார். என்ன கேட்டாய் என்றார். அவள் அதையே கேட்டாள்: ஏன் இழுத்து எடுக்கவில்லை?

இந்த முறை பதில் இருந்தது. ஒமைராவின் கால்கள் இடிபாடுகளுக்கு அடியில் சிக்கியிருந்தன, இழுத்தால் வராது. தண்ணீரை இறைக்கப் பம்பு வேண்டும், அது வந்து சேரவில்லை. காலை வெட்டி எடுக்கத் தேவையான கருவியும் இல்லை. பக்கத்தில் இருந்தவர்கள் விட்டுப் போகவில்லை, மூன்று நாள் கூடவே இருந்தார்கள். எரிமலை பற்றி முன்பே எச்சரிக்கை இருந்தும் ஊரை வெளியேற்றவில்லை. 20,000 பேருக்கு மேல் இறந்தார்கள்.

மாணவி கேட்டுக்கொண்டாள். "அப்போ பம்பு யார் அனுப்பியிருக்கணும்?" என்றாள். அன்று இரவு தூங்கினாளா என்று எனக்குத் தெரியாது. தாயின் கோபம் தணியவில்லை. "இதையெல்லாம் முதல்லயே சொல்லியிருந்தா என் பொண்ணு ஏன் ராத்திரி பூரா முழிச்சிருக்கப்போறா?" என்றார். அதற்கு எங்களிடம் பதில் இல்லை, அவர் கேட்டது நியாயம்.

மறுபடி நடத்தினால்

34 இருக்காது. பன்னிரண்டு போதும் என்று நான் நினைக்கிறேன், எட்டு என்கிறார் ஆசிரியை. ஒரு படத்துக்கு இரண்டு வாரம் தேடாமல் மாட்டமாட்டோம். இணையத்தில் எடுத்த படமானால் முதலில் வெளியான இடம், வெட்டப்படாத வடிவம், எடுத்த ஆள் மூன்றையும் கண்டுபிடிக்கும் வரை பிரின்ட் போடக்கூடாது என்று எழுதி வைத்திருக்கிறோம். பியாட்டோவின் லக்னோ படத்தில்கூட, கொலை நடந்தது 1857 நவம்பரில், படம் எடுத்தது பல மாதம் கழித்து. எலும்புகள் படத்துக்காகப் பரப்பப்பட்டிருக்கலாம் என்ற கருத்து வெகுகாலமாக உண்டு. கண்காட்சி முடிந்த பிறகுதான் எனக்கு இது தெரியவந்தது. மூன்று நாளும் அது 'லக்னோ, 1858' என்ற முகத்தோடு உண்மைபோல் தொங்கியது.

சுவரொட்டியில் இருப்பதை இருக்கிறபடி எழுதுவோம். குறிப்பை எழுதியவர் தவிர இன்னொருவர், அதிலும் வயது குறைந்த ஒருவர், படித்துக் கேள்வி கேட்ட பிறகே ஒட்டுவோம். நூலகர் சொன்ன 'கூச்சம்' பற்றி இன்னும் பேசி முடிக்கவில்லை. அடுத்த தேர்வில் குழந்தைகள் எத்தனை என்பதை அவரே முடிவு செய்யட்டும் என்று விட்டிருக்கிறோம். வெற்று ஃபிரேமைப் பொறுத்தவரை புகைப்படக்காரர் சொன்னது பாதி சரி என்று இப்போது படுகிறது. எடுத்துவிட்டால் எடுத்துவிட வேண்டியதுதான்.

பிரின்டுகள் நூலக அலமாரியில் இருக்கின்றன. குறிப்புகளை அந்தந்தப் படத்தின் பின்புறம் ஒட்டியிருக்கிறேன். ஹூப்பர் படத்தின் பின்னால் 'வங்காளம், 1943' என்ற பழைய சீட்டையும் கிழிக்காமல் விட்டு, அதன் கீழே திருத்தத்தை ஒட்டினேன். போன மாதம் ஒரு கல்லூரியிலிருந்து கேட்டார்கள்: படங்கள் மட்டும் போதும், குறிப்புகள் வேண்டாம், திரையில் ஓட்டப்போகிறோம், படத்துக்கு ஐந்து விநாடி. நூலகர் கொடுக்கவில்லை. கொடுத்திருக்கலாம் என்கிறார் புகைப்படக்காரர்.